நகரக் கழிவும் நாடுகடந்த கூட்டாண்மையும்

முன்னுரை

சொற்கள் காலந்தோறும் பொருள் மாறி வருவன. பழந்தமிழில் 'குப்பை' என்னும் சொல் இழிபொருள் உடையதன்று. குவித்து வைக்கப்பட்ட எதுவும் குப்பையே. உப்புக் குவியலும் நெற்குவியலும் சங்கச் சான்றோரால் அப்பெயராலேயே சுட்டப்பெற்றன. அவ்வாறே, இன்று தூய்மை செய்தலைக் குறிக்கும் 'துப்புரவு' என்னும் சொல் திருக்குறளில் உணவு, நுகர்பொருள் என்னும் பொருள்களில் ஆளப்பட்டுள்ளது. நுகர்தலும் தூய்மை செய்தலும் ஒரே சொல்லுக்குப் பொருளாக அமைந்த இந்நிலை எண்ணிப் பார்க்கத்தக்கது. ஒரு பொருளை நுகர்கின்றவன் அதன் எச்சத்திற்கும் பொறுப்புடையவன் அல்லனோ?

ஆயினும், நாம் அப்பொறுப்பை வாயிற்படிக்கு வெளியே வைத்துவிட்டோம். அதனை நகராட்சி எடுத்துக்கொண்டது. நகராட்சியால் இயலாதபோது தனியார் நிறுவனம் எடுத்துக்கொண்டது. உள்நாட்டு நிறுவனத்தால் இயலாது எனக் கருதப்பட்டபோது கடல் கடந்த நிறுவனம் அழைக்கப்பட்டது. கடந்த கால் நூற்றாண்டில் ஆப்பிரிக்க நகரங்கள் பலவும் நம் சென்னை மாநகரமும் இவ்வழியே நடந்துள்ளன. அக்கூட்டாண்மைகள் எங்கு வென்றன, எங்குத் தளர்ந்தன, அவற்றிலிருந்து திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும் கற்க வேண்டுவன யாவை என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆப்பிரிக்க நகரங்களின் நிலை

உலக வங்கி 2018 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2016 ஆம் ஆண்டில் உலக நகரங்களில் தோன்றிய திடக்கழிவு ஏறத்தாழ 201 கோடி டன் ஆகும். 2050 ஆம் ஆண்டில் இது 340 கோடி டன்னாக உயரும் என மதிப்பிடப்பட்டுள்ளது. சகாராவிற்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் 2016 இல் 17.4 கோடி டன் கழிவு தோன்றியது. அது 2050 இல் ஏறத்தாழ மும்மடங்காகும் என்பர். அங்குத் தோன்றும் கழிவில் 44 விழுக்காடே முறையாகத் திரட்டப்படுகிறது. எஞ்சியது தெருவோரத்திலும் ஓடையிலும் வெட்டவெளியிலும் கிடக்கிறது.

இந்நிலைக்கு மக்களின் அறியாமையே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. நகரங்கள் விரைந்து வளர்ந்தன. நகராட்சிகளின் வருவாய் அவ்வாறு வளரவில்லை. வறிய நாடுகளின் நகராட்சிகள் தம் வரவு செலவுத் திட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினைக் கழிவுக்கே செலவிட நேர்கிறது. செல்வ நாடுகளிலோ இச்செலவு 4 விழுக்காட்டளவே. மிகுதியாகச் செலவிட்டும் குறைவாகவே பயன்பெறும் அவல நிலை இது.

அதன் விளைவு உயிரிழப்பாகவும் முடிந்துள்ளது. எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் 'கொஷே' என்னும் குப்பைமேடு 2017 மார்ச் 11 அன்று சரிந்து 110 பேருக்கு மேல் மாண்டனர். மொசாம்பிக் நாட்டின் மாபுடோ நகரில் 2018 பிப்ரவரியில் மழையின்போது ஹுலேனே குப்பைமேடு சரிந்து 17 பேர் மாண்டனர். உகாண்டாத் தலைநகர் கம்பாலாவின் கிட்டீஸி மேடு 2024 ஆகஸ்டு 10 அன்று சரிந்து 30 பேருக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மாண்டவர்களுள் பலர் குப்பைமேட்டின் அடிவாரத்தில் குடியிருந்த ஏழைகள். ஆகவே, நகரக் கழிவு என்பது அழகு பற்றிய சிக்கலன்று. உயிர் பற்றிய சிக்கலாகும்.

கூட்டாண்மையின் இயல்பு

பன்னாட்டு வணிகக் கூட்டாண்மை எவ்வாறு இயங்குகிறது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். நகராட்சி ஒப்பந்தப்புள்ளி கோருகிறது. அயல்நாட்டு நிறுவனம் தனித்தோ, உள்நாட்டு நிறுவனத்துடன் இணைந்தோ ஒப்பந்தம் பெறுகிறது. வண்டிகள், தொட்டிகள், பொறிகள் ஆகியவற்றிற்கு முதலீடு செய்கிறது, ஆள்களை அமர்த்துகிறது. நகராட்சி அதற்குரிய கட்டணத்தைத் திங்கள்தோறும் செலுத்துகிறது. ஒப்பந்தக் காலம் ஏழாண்டாகவோ பதினைந்தாண்டாகவோ அமையும்.

இதில் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. நிறுவனத்திற்குப் பணம் எதற்காகத் தரப்படுகிறதோ, அதனையே அது மிகுதிப்படுத்தும். அள்ளிச் செல்லும் எடைக்கு ஏற்பப் பணம் எனில், எடை கூடுவதே நிறுவனத்திற்கு ஆதாயம். கழிவு குறைதலும், வீட்டிலேயே உரமாதலும், மறுபயன்பாட்டிற்குப் பிரிக்கப்படுதலும் அதற்கு இழப்பாகிவிடும். மண்ணையும் கட்டட இடிபாட்டையும் சேர்த்து ஏற்றும் ஆசையும் அங்கே முளைக்கும். இது தனி மனிதரின் குணக்குறை அன்று. ஒப்பந்த வாசகத்தில் ஊன்றப்பட்ட விதையின் விளைவு. ஆதலின், கூட்டாளி எந்நாட்டவர் என்பதைவிட ஒப்பந்தம் எதற்கு விலை வைக்கிறது என்பதே முதன்மையான வினாவாகும்.

கெய்ரோவும் அலெக்சாந்திரியாவும் கற்பித்தவை

எகிப்தின் கெய்ரோ நகரில் பல தலைமுறைகளாகக் கழிவைத் திரட்டி வருவோர் 'ஸப்பாலீன்' எனப்படுவர். வீடுதோறும் படியேறிச் சென்று கழிவை வாங்கி, முக்கட்டம் மலையடிவாரத்திலுள்ள தம் குடியிருப்பிற்குக் கொண்டுவந்து வகைவகையாகப் பிரிப்பது அவர்தம் தொழில். தாம் திரட்டியவற்றுள் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அவர்கள் மறுபயன்பாட்டிற்குக் கொண்டுவந்தனர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. உணவு எச்சம் அவர்கள் வளர்த்த பன்றிகளுக்குத் தீனியாயிற்று.

2003 ஆம் ஆண்டையொட்டி கெய்ரோவில் ஸ்பெயின், இத்தாலி நாட்டு நிறுவனங்களிடம் 15 ஆண்டு ஒப்பந்தத்தில் இப்பணி ஒப்படைக்கப்பட்டது. அந்நிறுவனங்கள் மறுபயன்பாட்டிற்குக் கொண்டுவர வேண்டிய அளவு 20 விழுக்காடு என்றே விதிக்கப்பட்டது. தெருமுனையில் தொட்டிகள் வைக்கப்பட்டன. வீட்டு வாயிலிலேயே கழிவைக் கொடுத்துப் பழகிய மக்களுக்குத் தொட்டி வரை நடக்கும் வழக்கம் வரவில்லை. பெரிய வண்டிகள் குறுகிய சந்துகளில் நுழைய இயலவில்லை. மின்கட்டணத்துடன் சேர்த்துக் குப்பைக் கட்டணம் பெற்றமையால் மக்கள் மனக்கசப்புற்றனர். ஸப்பாலீன் மக்களோ ஒரே நாளில் சட்டத்திற்குப் புறம்பானவர் போல ஆயினர். பின்னர் 2009 இல் பன்றிக் காய்ச்சல் அச்சத்தால் எகிப்து அரசு நாட்டிலுள்ள பன்றிகளை எல்லாம் கொல்ல ஆணையிட்டபோது, உணவு எச்சம் தெருக்களில் குவிந்து நாறியது. ஒரு நகரின் தூய்மை எத்தகைய எளிய மனிதரின் தோளில் நின்றது என்பதை மக்கள் அப்போதுதான் உணர்ந்தனர்.

அலெக்சாந்திரியாவில் நிகழ்ந்தது வேறு வகை. பிரெஞ்சு நிறுவனமான வியோலியாவின் 'ஓனிக்ஸ்' பிரிவு 2001 இல் அங்குப் பணி தொடங்கியது. தொடக்கத்தில் நகரம் பொலிவுற்றது என்று பலரும் பாராட்டினர். ஆனால், செலவு உயர்வைப் பற்றியும் கட்டணத்தைப் பற்றியும் இரு தரப்பாரிடையே பிணக்குத் தோன்றியது. 2011 இல் நிறுவனம் விலகியது. குறைந்தபட்ச ஊதிய உயர்வும் வழக்கின் பொருள்களுள் ஒன்றாக, 2012 இல் எகிப்தின் மீது பன்னாட்டு நடுவர் மன்றத்தில் அந்நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2018 இல் தீர்ப்பு எகிப்திற்குச் சார்பாக அமைந்தது. ஆறாண்டு வழக்கிற்குப் பின்னரே இம்முடிவு எய்தப்பட்டது. ஊதிய உயர்வு, எரிபொருள் விலையேற்றம் முதலியவற்றை யார் ஏற்பது என்பதை ஒப்பந்தத்தில் தொடக்கத்திலேயே ஐயமறத் தெளிவுபடுத்தாவிடில், நகரத்தின் குப்பை அயல்நாட்டு வழக்கு மன்றத்தில் போய் நிற்கும்.

சென்னையின் பட்டறிவு

அலெக்சாந்திரியாவிற்குச் சென்ற அதே ஓனிக்ஸ் அதற்கு முன்னரே சென்னைக்கு வந்தது என்பது நம்மவர் பலர் மறந்த செய்தி. 2000 ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி தன் மண்டலங்களுள் மூன்றை ஏழாண்டு ஒப்பந்தத்தில் அந்நிறுவனத்திடம் ஒப்படைத்தது. சீருடை அணிந்த பணியாளர், சக்கரம் பூட்டிய தொட்டிகள், கழிவை அழுத்தி ஏற்றும் வண்டிகள் ஆகியவை சென்னைக்குப் புதுமையாகத் தோன்றின. திரட்டும் பணி சீர்ப்பட்டது என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும், கட்டணம் எடைக் கணக்கிலேயே அமைந்தது. கலந்த கழிவு கலந்தவாறே கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் சென்று மேடாக உயர்ந்தது. தெரு தூய்மையாயிற்று, சதுப்பு நிலம் அழுக்காயிற்று.

2007 இல் கொலம்பியா நாட்டு ஃபனால்கா நிறுவனமும் இந்திய நிறுவனம் ஒன்றும் இணைந்த 'நீல் மெட்டல் ஃபனால்கா' பொறுப்பேற்றது. ஒப்பந்தக் காலம் நிறைவுறும் முன்னரே அவ்வேற்பாடு முடிவிற்கு வந்தது. 2020 இல் ஸ்பெயின் நாட்டு உர்பேசர் நிறுவனமும் இந்திய நிறுவனமும் இணைந்த 'உர்பேசர் சுமீத்' ஏழு மண்டலங்களில் எட்டாண்டு ஒப்பந்தம் பெற்றது. கெய்ரோவில் ஒப்பந்தம் பெற்றவற்றுள் உர்பேசரும் ஒன்று என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இம்முறை எடைக்குப் பதிலாகப் பணியின் தரத்தைக் குறியீடுகளால் அளந்து கட்டணம் வழங்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. இருபதாண்டுப் பட்டறிவு ஒப்பந்த வாசகத்தை மாற்றியது எனலாம்.

எனினும், தொழிலாளரின் நிலை தீராத வினாவாகவே நிற்கிறது. 2025 ஆகஸ்டில் சென்னையின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் இப்பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகைமுன் பல நாள்கள் இரவும் பகலும் அமர்ந்து போராடினர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். நள்ளிரவில் காவல் துறையினர் அவர்களை அப்புறப்படுத்தினர். 'துப்புரவுப் பணியாளர்' என்னும் பெயரைத் தமிழக அரசு 2020 இல் 'தூய்மைப் பணியாளர்' என மாற்றியது. பெயர் மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆனால், பெயர் உயர்ந்து ஊதியமும் பணிப் பாதுகாப்பும் உயராவிடில் அம்மாற்றம் ஏட்டளவிலேயே நிற்கும்.

இயந்திரமும் ஈரமும்

அயல்நாட்டுப் பொறி நம் கழிவிற்குப் பொருந்துமா என்பது அடுத்த வினா. செல்வ நாடுகளின் கழிவில் உணவு எச்சமும் தழையும் ஏறத்தாழ 32 விழுக்காடு. வறிய நாடுகளிலோ 56 விழுக்காடு. நம் கழிவு ஈரம் மிக்கது. ஈரக் கழிவு எளிதில் எரியாது. எரித்து மின்சாரம் எடுக்க முனைந்தால், ஈரத்தை உலர்த்துவதிலேயே வெப்பத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும்.

தில்லியின் திமார்பூரில் 1987 இல் டென்மார்க்கு நாட்டு நிறுவனம் ஒன்று நாளொன்றுக்கு 300 டன் கழிவை எரிக்கும் ஆலையை நிறுவியது. எரியத்தக்க கழிவு கிடைக்காமையால் சில வாரங்களிலேயே அது நின்றுபோயிற்று. பொறி பழுதானதன்று, டென்மார்க்கின் குப்பையை எண்ணிச் செய்த அடுப்பில் தில்லியின் குப்பை எரியவில்லை, அவ்வளவே. கொஷே சரிவிற்குப் பின்னர் 2018 இல் அடிஸ் அபாபாவிலும் நாளொன்றுக்கு 1,400 டன் எரிக்கும் நோக்கில் 'ரெப்பி' ஆலை அயல்நாட்டுக் கூட்டாளிகளுடன் திறக்கப்பட்டது. இத்தகைய ஆலை எதுவாயினும் வீட்டு வாயிலில் ஈரக் கழிவு பிரிக்கப்பட்டாலன்றி முழுப்பயன் தருதல் அரிது.

இதற்கு மாறாக, எளிய தொழில்நுட்பம் எளிதில் வேர்கொள்ளும். சப்பான் நாட்டின் ஃபுகுவோகா பல்கலைக்கழகமும் அந்நகராட்சியும் 1970களில் உருவாக்கிய முறையில், குப்பைமேட்டின் அடியில் துளையிட்ட குழாய்கள் பதிக்கப்படுகின்றன. கசிவுநீர் அவற்றின் வழியே வெளியேறும். இயல்பாகவே காற்று உட்புகும். மீத்தேன் வளி குறைகிறது. மேடு உறுதி பெறுகிறது. விலையுயர்ந்த பொறி எதுவும் இதற்கு வேண்டுவதில்லை. கொஷே மேட்டில் இம்முறை மேற்கொள்ளப்பட்டது. ஆப்பிரிக்க நகரங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்பதற்காக 2017 இல் மாபுடோவில் சப்பானிய அரசும் யோக்கோகாமா நகரும் ஐ.நா. அமைப்புகளும் இணைந்து 'ஆப்பிரிக்கத் தூய நகரங்கள்' என்னும் மேடையைத் தொடங்கின. பொறியை விற்பதைவிட அறிவைப் பகிர்வதே நிலைக்கும் கூட்டாண்மை என்பதற்கு இது சான்றாகும்.

திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும்

இனி நம் ஊரை நோக்குவோம். திருச்சிராப்பள்ளி நகராட்சி 1866 இல் தோன்றியது. திருவரங்கம், பொன்மலை ஆகிய நகராட்சிகளையும் இணைத்து 1994 இல் மாநகராட்சியாயிற்று. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவாகிய திருவரங்கத்தில் குப்பையைக் கொட்ட இடமில்லை. எங்குக் கொட்டினும் ஆற்றிற்கே சென்று சேரும். அவ்வாறுகளின் மணற்படுகையிலிருந்தே மாநகர் குடிநீர் பெறுகிறது. வைகுண்ட ஏகாதசிக்கு வரும் பல இலக்கம் மக்களும், ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில் திரளும் மக்களும் விட்டுச் செல்லும் இலை, பூ, உணவு, நெகிழி ஆகியவை ஒரு சிற்றூரின் ஆண்டுக் கழிவிற்கு ஈடாகும் போலும். ஏழு திருச்சுற்றுகளும் அவற்றையொட்டிய தெருக்களும் பெரிய வண்டிகளுக்காக அமைந்தவை அல்ல. திருச்சியின் பெரிய கடைவீதியை ஒட்டிய சந்துகளும் அத்தகையனவே. கெய்ரோவின் சந்துகளில் நேர்ந்தது இங்கும் நேரும்.

பல்லாண்டுகளாக மாநகரின் கழிவு முழுவதும் தஞ்சாவூர்ச் சாலைக்கு அருகிலுள்ள அரியமங்கலம் கிடங்கிற்கே சென்றது. ஏறத்தாழ 47 ஏக்கர் பரப்பில் குப்பைமேடு உயர்ந்தது. கோடையில் அது தீப்பற்றிப் புகைந்தபோதெல்லாம் சூழவுள்ள குடியிருப்பினர் மூச்சுத் திணறினர். திருவரங்கத்துத் தெருவின் தூய்மைக்கு அரியமங்கலத்துக் குழந்தையின் நுரையீரல் விலை கொடுத்தது எனின் மிகையாகாது.

மாற்றம் இரு வழிகளில் வந்தது. 2016 ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளையொட்டி, மக்கும் கழிவையும் மக்காத கழிவையும் வீட்டிலேயே பிரித்து வாங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. மக்குவதை அந்தந்தப் பகுதியிலேயே உரமாக்கும் நுண்ணுர மையங்கள் அமைக்கப்பட்டன. நெடுந்தொலைவு ஏற்றிச் செல்லும் செலவும் கிடங்கின் சுமையும் குறைய இதுவே வழி. மற்றொன்று, சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் அரியமங்கலத்தில் மேற்கொள்ளப்பட்ட 'பயோமைனிங்' பணி. பழைய மேட்டைக் கிளறி உலரவிட்டுச் சுழலும் சல்லடைகளில் சலித்து, மண், கல், நெகிழி எனப் பிரிப்பது இம்முறை. மண் நிலம் நிரப்ப உதவும். எரியத்தக்க நெகிழி, அரியலூரில் உள்ளவை போன்ற சிமெண்டு ஆலைகளின் சூளைக்கு எரிபொருளாக உதவும். கலந்தமையால் குப்பையானதை மீண்டும் பிரித்தபோது அது பொருளாயிற்று. தூய்மைக்கான தேசியத் தரவரிசையில் திருச்சி 2016 இல் மூன்றாம் இடமும் 2017 இல் ஆறாம் இடமும் பெற்றதை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம். அவ்விடத்தில் நிலைத்து நிற்பது பெறுவதினும் அரிது.

நாடுகடந்த கூட்டாண்மைக்கு நம் ஊரிலேயே நல்லதொரு சான்றுண்டு. திருச்சியைச் சார்ந்த 'கிராமாலயா' தொண்டு நிறுவனம், பிரித்தானியத் தொண்டு நிறுவனமான 'வாட்டர் எய்டு' உதவியுடன் குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பறைகளைச் சீரமைத்து, அப்பகுதிப் பெண்கள் குழுக்களின் பொறுப்பில் விட்டது. பயன்படுத்துவோர் தரும் சிறு கட்டணத்தில் பெண்களே அவற்றைத் தூய்மையாகப் பேணினர், கணக்கெழுதினர். அயல்நாட்டு உதவி தொடக்கத்திற்குப் பயன்பட்டது. நிலைபேறு உள்ளூர்ப் பெண்களால் வந்தது. இது வணிகக் கூட்டாண்மை அன்றெனினும், வணிகர்களும் கற்கத்தக்க பாடம் இதில் உண்டு.

நற்கூட்டாண்மைக்குரிய கூறுகள்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் நான்கு கூறுகள் புலப்படும்.

முதலாவது, கட்டணம் அள்ளிய எடைக்கன்றிப் பிரித்து மீட்ட அளவிற்கும் குறைத்த கழிவிற்கும் தரப்பட வேண்டும்.

இரண்டாவது, ஏற்கெனவே இத்தொழிலால் வாழ்வோரை ஒப்பந்தம் உள்ளடக்க வேண்டும். புனே நகரில் கழிவு பொறுக்கும் பெண்கள் சேர்ந்து அமைத்த 'ஸ்வச்' கூட்டுறவு 2008 இல் மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்து வீடுதோறும் கழிவு திரட்டும் பணியை ஏற்றது. நம் ஊரிலும் பழைய தாளும் இரும்பும் வாங்கும் 'காயலான் கடை'கள் எவர் ஆணையுமின்றி மறுபயன்பாட்டுத் தொழிலை நடத்தி வருகின்றன. காயல்பட்டினத்து வணிகரால் அப்பெயர் வந்தது என்பர். இத்தகையோரை விலக்கிவிட்டுப் புதிய பொறியை நிறுவுதல் கெய்ரோவின் பிழையை மீண்டும் செய்வதாகும்.

மூன்றாவது, பொறி நம் கழிவின் ஈரத்திற்கும் நம் தெருவின் அகலத்திற்கும் ஏற்றதாதல் வேண்டும்.

நான்காவது, தொழிலாளரின் ஊதியம், கையுறை, மருத்துவம், பணிப் பாதுகாப்பு ஆகியவை நிறுவனத்தின் விருப்பத்திற்கு விடப்படாமல் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். மலிவான ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் தொழிலாளியின் கூலியிலிருந்து வெட்டி எடுத்த மலிவே.

முடிவுரை

அயல்நாட்டார் உதவி வேண்டாவென்பது நம் கருத்தன்று. முதலீடும் தொழில்நுட்பமும் மேலாண்மைத் திறனும் எங்கிருந்து வரினும் கொள்ளத்தக்கனவே. ஆனால், எந்நாட்டு நிறுவனமும் நம் வீட்டிற்குள் வந்து வாழையிலையையும் நெகிழிப் பையையும் பிரித்துத் தராது. முதற்கூட்டாண்மை வீட்டிற்கும் வாயிலில் வந்து நிற்கும் தூய்மைப் பணியாளருக்கும் இடையே அமைவது. அது செம்மையுறின் பன்னாட்டு ஒப்பந்தமும் பயன் தரும். அது சிதையின் எவ்வொப்பந்தமும் குப்பைமேட்டை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றுவதோடு நின்றுவிடும்.

நம் கல்லூரி மாணவர்கள் இதனை விடுதியிலும் சிற்றுண்டியகத்திலும் தொடங்கலாம். இரண்டு தொட்டிகள் போதும். அவற்றை நாள்தோறும் எடுத்துச் செல்பவரின் பெயரை அறிந்து, அவரை மதிப்புடன் விளித்துப் பேசுதல் மூன்றாவது தேவை. நுகர்பொருளைக் குறித்த துப்புரவு என்னும் சொல் தூய்மையையும் குறிக்கலாயிற்று. சொல்லில் நிகழ்ந்த அம்மாற்றம் நம் செயலிலும் நிகழுமாயின், இரு ஆறுகளுக்கு நடுவே வாழும் இம்மக்கள் தம் ஆறுகளுக்குச் செய்யும் கைம்மாறு அதுவாகும்.